கடுகு உறுமிய நாற்பது விநாடி

எங்கள் பொமரேனியன் நாய் கடுகு என் பெரியப்பாவைக் கடித்தபோது அவளுக்கு வயது இரண்டு. எடை இரண்டு கிலோ நூறு கிராம். அப்பாவின் முதல் வருஷத் திதி முடிந்து, சாப்பிட்டு எழுந்து, எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். "இத்துனூண்டு இருந்துக்கிட்டு என்னா அதிகாரம் பண்றா பாரு" என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா குனிந்து இரண்டு கையாலும் அவளை அள்ளினார். அடுத்த நொடி அவளைச் சோஃபாவில் போட்டுவிட்டுக் கையை உதறினார். கட்டைவிரலின் அடியில் ஒரே ஒரு பல் இறங்கியிருந்தது. பொட்டு ரத்தம்.

கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினோம். கடுகுக்கு ரேபிஸ் தடுப்பூசி வருஷம் தவறாமல் போட்டுவருகிறேன். இருந்தாலும் அன்று மாலையே பெரியப்பாவை ஊசி போட அழைத்துப்போனேன். பத்து நாள் நாயைக் கவனித்துவரச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவள் சாப்பிடாமல் என் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அதற்கப்புறம்தான் அண்ணன் மகள் அந்த வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பினாள். விசேஷத்தன்று அவள் போனில் எதையோ எடுத்துக்கொண்டிருக்கும்போது இதுவும் பதிவாகியிருக்கிறது. நாற்பது விநாடி. முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தெரிந்ததுதான் தெரிந்தது: பெரியப்பா தூக்குகிறார், நாய் கடிக்கிறது. மடிக்கணினியில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது.

பெரியப்பாவின் நிழல் மேலே விழும்போதே கடுகு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்கிறாள். நாக்கின் நுனி ஒரு தடவை வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறது. முதுகின்மேல் விசிறிபோல் மடிந்து கிடக்கும் வால் மெல்லப் பிரிந்து கீழே இறங்குகிறது. காதுகள் பின்னால் படிகின்றன. கை நெருங்கும்போது ஒரு முன்னங்காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, உடம்பு முழுக்க இறுகி நிற்கிறாள். விரல்கள் விலாவைச் சுற்றியதும் உறுமுகிறாள். நன்றாகக் கேட்கிறது. அந்த உறுமலுக்கு மேலே ஒரு சிரிப்புச் சத்தம். "ஐயோ, கோபத்தைப் பாரேன்!" என்று ஒரு குரல். என் குரல்.

ஆறு முறை சொல்லியிருக்கிறாள். ஏழாவதாகத்தான் பல்.

முப்பது கிலோ லாப்ரடார் ஒன்று அதே இடத்தில் அதே மாதிரி உறுமியிருந்தால் அந்த ஹாலே வாயடைத்துப் போயிருக்கும். பெரியப்பா கையை எடுத்திருப்பார். "ஏதோ பிடிக்கல போல" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டு கிலோ நாய் உறுமினால் அது வேடிக்கை. இன்னொரு தடவை உறுமவைத்து வீடியோ எடுக்கிறோம். இப்படியே நூறு தடவை உறுமலுக்கு மதிப்பில்லாமல் போனபின், ஒரு நாள் அந்தப் படியைத் தாண்டி நேராகப் பல்லுக்குப் போகிறது நாய். அப்போது, "பொமரேனியன்னாலே முன்கோபம்தான், பெரிய இனம்தான் சாந்தம்" என்று ஊரே ஒரு பெயர் வைத்துவிடுகிறது.

வியன்னாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு எழுதப்பட்ட ஓர் ஆய்வு 2010 இல் வந்தது. சின்ன நாய்கள் சொல் கேட்பது குறைவு, பதற்றமும் சீறலும் அதிகம் என்று அதில் இருக்கிறது. ஊர் சொல்வதும் அதுதான். ஆனால் அதே ஆய்வில், சின்ன நாய் வைத்திருப்பவர்கள் அதற்குப் பழக்கிக் கொடுப்பதும் அதோடு விளையாடுவதும் குறைவு, இன்று ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி நடந்துகொள்வது அதிகம் என்றும் இருக்கிறது. என் வீட்டைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. திங்கட்கிழமை மடியில் வைத்து இட்லி ஊட்டுவேன். செவ்வாய்க்கிழமை ஆள் வந்திருக்கும்போது அதே மடிக்கு ஏறினால் அதட்டுவேன். அவள் எதை நம்புவாள்?

கடுகின் உடம்புதான் சின்னது. அந்த உடம்புக்குள் இருக்கும் நாய் சின்னதில்லை. இதைப் புரிந்துகொள்ள அவள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். பால்டிக் கடலின் தென்கரையில், இன்றைய போலந்தின் வடக்கிலும் ஜெர்மனியின் வடகிழக்கிலுமாகக் கிடக்கும் நிலம் பொமரேனியா. இங்கிலாந்துக்காரர்கள் அந்த ஊர்ப் பெயரையே நாய்க்கு வைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் இன்றும் அதை ஸ்பிட்ஸ் குடும்பத்தின் கடைக்குட்டியாகத்தான் சொல்கிறார்கள், குள்ள ஸ்பிட்ஸ் என்று. ஸ்பிட்ஸ் என்றால் கூர். காதும் மூக்கும் கூராக இருப்பதால் வந்த பெயர். அந்தக் குடும்பத்துப் பெரிய நாய்கள் பண்ணை வீட்டையும் திராட்சைத் தோட்டத்தையும் காவல் காத்தவை. எருக்குவியல்மேல் ஏறி நின்று நாலு திசையும் பார்த்துக் குரைக்கும் என்பதால் "எருமேட்டுக் குரைப்பான்" என்று பொருள்படும் பட்டப்பெயர்கூட ஜெர்மன் மொழியில் அவற்றுக்கு உண்டு. வேட்டை ஆசை இந்த இனத்துக்குக் கிடையாது. முயல் ஓடினால் பின்னால் ஓடி ஊரைவிட்டுப் போகாது. வீட்டு வாசலை விடாது. புது ஆளை எடுத்த எடுப்பில் நம்பாது. காவலுக்கென்றே பார்த்துப் பார்த்து வளர்த்தெடுத்த குணம்.

1777 வாக்கில் ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோ தீட்டிய ஓவியம் ஒன்றில் ஒரு வெள்ளைத் தாயும் குட்டியும் நிற்கின்றன. அந்தக் காலத்துப் பொமரேனியன் அவை. தாயை ஒரு கையால் தூக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. நல்ல வாட்டசாட்டமான நாய். 1888 இல் ஃபுளோரன்ஸ் நகரில் தங்கியிருந்த விக்டோரியா அரசி மார்கோ என்ற பொமரேனியனை வாங்கினார். அதன் எடை ஐந்தரைக் கிலோவுக்குள்தான். அரசி வீட்டு நாய் சின்னது என்றதும் நாட்டுக்கே சின்ன நாய் மோகம் வந்தது. சிறியதோடு சிறியதைச் சேர்த்து, சில பத்தாண்டுகளில் மடிக்கு அடங்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1901 ஜனவரியில் அரசி இறந்தபோது அவர் படுக்கையில் கூட இருந்தது டூரி என்ற பொமரேனியன்.

உடம்பைச் சுருக்குவதற்கு வேண்டியது மரபணுவில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. நாயின் உடல் அளவைப் பெருமளவு தீர்மானிக்கும் ஐஜிஎஃப்-1 என்ற மரபணுவை 2007 இல் கண்டுபிடித்தார்கள். 2022 இல் வந்த ஆய்வு இன்னும் ஆச்சரியமானது. சின்ன உடம்புக்கான அந்த மாற்றம் ஏறத்தாழ 54,000 ஆண்டுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓநாயிடமே இருந்ததாம். மனிதன் நாயைப் பழக்குவதற்கு வெகுகாலம் முன்பே. கடுகின் அளவு ஓநாய் கொடுத்தது என்று அம்மாவிடம் சொன்னேன். "அதான் அந்த முறைப்பு" என்றாள்.

அரசி வீட்டு மோகம் உடம்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்ததே ஒழிய, எருமேட்டில் நின்றவனின் வேலையை அவள் தலையிலிருந்து யாரும் எடுக்கவில்லை. மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், சமையலறைக்கும் அம்மாவின் அறைக்கும் நடுவே இருக்கும் நிலைப்படியில்தான் கடுகு படுப்பாள். அங்கிருந்து பார்த்தால் வாசற்கதவும் அம்மாவின் கட்டிலும் ஒருசேரத் தெரியும். மெத்தை வாங்கிப் போட்டோம், ஏசி அறையில் இடம் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அந்த நிலைப்படிதான் அவளுடைய எருமேடு.

குரைப்பது பற்றி அசோசியேஷன் கூட்டத்தில் புகார் வந்தது. லிஃப்ட் கதவு திறந்தால் குரைப்பாள், கூரியர் பையன் மாடி ஏறினால் குரைப்பாள், பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்றாவது விசிலுக்கும் குரைப்பாள். நான் "ஷ்! வாயை மூடு!" என்று கத்துவேன். அவளுக்கு அது நானும் சேர்ந்து குரைப்பதாகத்தான் கேட்டிருக்க வேண்டும். இன்னும் உரக்கக் குரைப்பாள். பிறகு வேறு மாதிரி செய்யத் தொடங்கினேன். அவள் குரைத்ததும் எழுந்துபோய், கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் "சரி, பாத்துட்டேன்" என்பேன். திரும்பி நடந்து வந்து உட்கார்ந்து, பின்னாலேயே வந்தால் ஒரு வேர்க்கடலை அளவு கோழித்துண்டு கொடுப்பேன். நாலு மாதம் பிடித்தது. இப்போது இரண்டு குரைப்பு, அப்புறம் என் முகம் பார்ப்பாள். "பாத்துட்டேன்" என்றால் போய்ப் படுத்துவிடுவாள். தகவலைச் சொன்னாள், பெற்றுக்கொண்டேன். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்தக் குரைப்பு இல்லாவிட்டால் இன்று எங்கள் வீடு நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா போனபின் அம்மாவுக்குக் காது வேகமாக மந்தமாகிவிட்டது. நான் வேலைக்குப் போய்விட்டால் காலிங் பெல் அடிப்பது அவளுக்குக் கேட்காது. கடுகு யாரும் சொல்லித்தராமல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள்: பெல் அடித்ததும் வாசலில் இரண்டு குரைப்பு, உடனே ஓடிப்போய் அம்மாவின் புடவைக் கரையை மூக்கால் இடிப்பது, மறுபடி வாசலுக்கு ஓடுவது. அம்மா எழுந்திருக்கும்வரை இந்த ஓட்டம் நிற்காது. கேஸ் சிலிண்டர்காரர்கூட இப்போது பெல்லை ஒரு தடவை அடித்துவிட்டு, "பாப்பா, பாட்டியைக் கூப்பிடு" என்று கதவுக்கு வெளியே நிற்கிறார்.

இத்தனைக்கும் "நாயை வீட்டுக்குள்ளயா?" என்று முதலில் கேட்டவள் அம்மாதான். மதுரை வீட்டில் எங்களிடம் ஜூலி இருந்தாள். 1980களில் எங்கள் தெருவில் மட்டும் நாலு ஜூலியாவது இருந்திருப்பார்கள். வெள்ளை வெளேரென்று, நீண்ட மூக்கும் கருவிழியுமாக, தயிர்சாதம் தின்று திண்ணையில் சாக்குமேல் படுத்து வளர்ந்த அவளைப் பொமரேனியன் என்றுதான் சொல்வோம். உண்மையில் அவள் இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நம் வெயிலில் தலைமுறை தலைமுறையாகப் பழகி உருவானது. கடுகைப் போல் மூன்று மடங்கு எடை இருப்பாள். ஒரே குடும்பத்துப் பெரியம்மா மகள், சித்தி மகள் மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஜூலியையும் யாரும் கேட்காமல் தூக்கமாட்டார்கள், தூக்க முடியாது. அவள் முனகினால் பாட்டி, "ஏய், நாயை விடுங்கடா" என்பாள். பதின்மூன்று வருஷத்தில் அவள் ஒருவரையும் கடித்ததில்லை. சாதுவான நாய் என்று அவளைக் கொண்டாடுவோம். இப்போது யோசித்தால், அவள் முனகலைக் கேட்க வீட்டில் ஒரு பாட்டி இருந்தாள் என்பதுதான் நினைவுக்கு வருகிறது.

ஜூலி வெயிலில் புரண்டவள். கடுகால் முடியாது. இதில் நான் செய்த தவறை எழுதியே ஆகவேண்டும், இன்னொருவர் செய்யாமல் இருக்க. அவளுக்கு மூன்று வயதான சித்திரையில், க்ரூமிங் செய்யப் போன இடத்தில், "மெஷின் போட்டுடலாம் மேடம், குளுகுளுன்னு இருக்கும், டெடி பியர் மாதிரி அழகாவும் இருக்கும்" என்றார்கள். இணையத்தில் பூ என்ற அமெரிக்கப் பொமரேனியன் ஒட்ட வெட்டிய முடியோடு உலகப் புகழ் பெற்றதிலிருந்து அந்த வெட்டு எல்லா ஊரிலும் நாகரிகமாகிவிட்டது. எனக்கும் அவள் மூச்சு வாங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சரி என்றேன்.

முகத்திலும் காலிலும் முடி வளர்ந்தது. முதுகில் வளரவில்லை. மூன்று மாதம், ஆறு மாதம், பத்து மாதம். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிந்து, வெயில் பட்டுக் கறுத்தது. தைராய்டு பரிசோதனையில் ஒன்றும் இல்லை. பொமரேனியனுக்கு இரட்டைக் கம்பளம் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். உள்ளே பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு, வெளியே சற்று முரடான நீள முடி. வெளிமுடி வெயிலைத் தோலுக்கு விடாமல் தடுக்கும். அதை ஒட்ட மழித்தால் நிழல் போய்விடும். இந்த இனத்தில் சில நாய்களுக்கு மயிர்க்கால் அப்படியே உறங்கிப்போய் மறுபடி வளர மாதக்கணக்கில் ஆகும், சிலதுக்கு வளராமலே போகும். கடுகுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. வந்த முடியும் பழைய செம்பொன் நிறத்தில் இல்லை, மங்கிய பருத்திபோல் இருக்கிறது. வெயில் காலத்தில் இப்போது செய்வது இவ்வளவுதான்: ஐந்தரை மணிக்கே நடை, நாளுக்கொரு தடவை சீப்பு போட்டு உதிர்ந்த உள்முடியை எடுத்துவிடுவது, மதியம் ஈரத்துணி விரித்த தரை. அதில் அவள் நாலு காலையும் நாலு பக்கம் நீட்டி வயிற்றை ஒட்டிக்கொண்டு படுப்பாள்.

கழுத்துப்பட்டை கூடாது என்பதையும் அந்த மருத்துவர்தான் சொன்னார். இந்த அளவு நாய்களுக்கு மூச்சுக்குழாயின் வளையங்கள் தளர்ந்துபோவது சகஜம். கழுத்தில் கயிறு கட்டி இழுத்தால் வாத்து கத்துவதுபோல் இருமல் வரும். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் போதும். முழங்கால் சில்லு இடம் மாறுவதும் உண்டு. நாலு அடி நடந்துவிட்டு ஒரு பின்னங்காலைத் தூக்கி நொண்டி, மறுபடி சாதாரணமாக நடந்தால் விளையாட்டு என்று விட்டுவிடக் கூடாது. சோஃபாவிலிருந்து குதித்து முன்னங்கால் முறிந்த நாய்களை அந்த மருத்துவமனை வராந்தாவில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எங்கள் சோஃபாவுக்கு அப்பாவின் பழைய மணையைப் படியாகப் போட்டிருக்கிறோம்.

"டீ கப் பொமரேனியன்" என்று விற்கிறார்களே, அதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அப்படி ஓர் இனமே கிடையாது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கக் கென்னல் கிளப் ஒப்புக்கொள்ளும் எடையே ஒரு கிலோ நானூறு கிராமிலிருந்து மூன்று கிலோ இருநூறு கிராம்வரை. அதற்கும் கீழே போகும் குட்டி பெரும்பாலும் நோஞ்சான் அல்லது தாயிடமிருந்து வாரக்கணக்கில் முன்னதாகப் பிரிக்கப்பட்டது. ஒருவேளை சாப்பாடு தப்பினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். அதை வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை அந்தத் தாய் நாய்களுக்கு ஓய்வில்லை.

தூக்க முடிகிற அளவு என்பதே சாபம் என்று சொல்லிவிடவும் மாட்டேன். 1912 இல் டைட்டானிக் மூழ்கியபோது கப்பலில் இருந்த நாய்களில் உயிர் தப்பியவை மூன்று. இரண்டு பொமரேனியன், ஒரு பீக்கிங்கீஸ். போர்வைக்குள் சுற்றி மார்போடு அணைத்து உயிர்ப்படகில் ஏற்ற முடிந்ததால் பிழைத்தன. கடுகு என் கணுக்காலின் மேல் தாடையை வைத்துத் தூங்கும்போது இரண்டு லிட்டர் பால் பாத்திரத்தின் கனம்தான். அதை நகர்த்த மனமில்லாமல் கால் மரத்துப்போக உட்கார்ந்திருப்பேன். மனிதர் முகத்தை இப்படி நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கும் நாயை நான் வேறு கண்டதில்லை. நான் போனில் யாரிடமாவது குரல் உயர்த்திப் பேசினால், தலையை முதலில் இடப்பக்கம் சாய்த்து, பிறகு வலப்பக்கம் சாய்த்து, என் வாயையே கவனிப்பாள். பேச்சு முடிந்ததும் வந்து ஒரு பாதத்தை என் பாதத்தின்மேல் வைப்பாள். அந்தப் பாதம் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். அவளைத் தூக்கும் முன் குந்தி உட்கார்ந்து, கையை அவள் மார்புக்கு முன்னால் நீட்டி, "தூக்கட்டுமா?" என்று கேட்பேன். முதல் இரண்டு வாரம் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்டுவிட்டும் தூக்காமல் இருப்பவர்களை அவள் பார்த்ததில்லை. மூன்றாவது வாரம் ஒரு மாலை, முன்னங்கால் இரண்டையும் என் கைமேல் வைத்தாள். இப்போது வேண்டுமென்றால் அப்படி வைப்பாள். வேண்டாமென்றால் முகத்தைத் திருப்புவாள், கையை எடுத்துக்கொள்வேன். நகம் வெட்டவும் மருந்து கொடுக்கவும் கேட்காமல் தூக்கவேண்டிய நேரம் உண்டு. அப்போது "தூக்குறேன்" என்று வேறு சொல் சொல்லிவிட்டுத் தூக்குவேன். அந்த வித்தியாசமும் அவளுக்குத் தெரியும். உறுமுவது எப்போதாவதுதான். உறுமினால் இந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. கடித்தது அந்த ஒரு தடவையோடு சரி.

சென்ற தை மாதம் பெரியப்பா வந்திருந்தார். அந்த நாற்பது விநாடியை அவருக்கு நான் முன்பே காட்டியிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை காபி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டே சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். எண்பத்தொரு வயது. கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். நிலைப்படியிலிருந்து கடுகு எழுந்தாள். அரை வட்டமாகச் சுற்றி வந்து அவர் வேட்டி நுனியை மோந்தாள். கட்டைவிரலை மோந்தாள், ரொம்ப நேரம்.

"தூக்கட்டுமா தாயி?" என்றார் பெரியப்பா.

கடுகு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள்.

"வேணாங்கிறா" என்றார் என்னைப் பார்த்து. "சரி, விடு. எனக்கு ஒரு கை கொடும்மா, எந்திரிக்கணும்."